ஏறாமல் வென்ற மலை: கிருஷ்ணகிரிக் கோட்டையும் கும்பினிப் படையும்

பெங்களூரிலிருந்து ஒசூர் வழியாகச் சென்னை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில், கிருஷ்ணகிரி ஊருக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு மொட்டைப் பாறைக்குன்று கண்ணில் படும். சையத் பாஷா மலை என்று உள்ளூரில் வழங்குவது அதுதான். சமவெளியிலிருந்து சுமார் 800 அடி உயரம். சேர்வராயனையோ கொல்லிமலையையோ பார்த்துப் பழகியவர்கள் அதை மலையென்று ஒப்புக்கொள்ளவே தயங்குவார்கள். ஆயினும் வங்காளத்தையும் கருநாடகத்தையும் வரிசையாகப் பிடித்துக்கொண்டு வந்த ஆங்கிலக் கும்பினியின் படை, இருபத்து நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை இந்தக் குன்றின்மேல் ஏற முயன்று, இரண்டு முறையும் அடிபட்டு இறங்கிற்று. இரண்டு முறையும் மலை பிறகு கும்பினியின் கைக்கு வந்தது என்பதும் உண்மை. முதல் முறை பட்டினி போட்டு வாங்கினார்கள், இரண்டாம் முறை உடன்படிக்கைத் தாளில் எழுதி வாங்கினார்கள். ஏறி வாங்கவில்லை.

மைசூர்ப் போர்களைப் பற்றிய நம்முடைய பொதுவான நினைவு ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றியே நின்றுவிடுகிறது. ஐதரும் திப்புவும் கர்நாடகத்துக்கு உரிய கதாபாத்திரங்கள், நமக்கு அதில் பங்கு திண்டுக்கல்லோடும் ஆற்காட்டோடும் முடிந்தது என்பது போல் ஓர் எண்ணம். உண்மையில் அந்தப் போர்களின் பெரும்பகுதி நடந்த இடம் இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் மாவட்டங்கள். பாராமகால் என்ற பெயரில் அன்று அறியப்பட்ட நிலம். பன்னிரண்டு கோட்டைகளைக் கொண்ட நாடு என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். எவை அந்தப் பன்னிரண்டு என்று கேட்டால் பட்டியலுக்குப் பட்டியல் மாறும். கிருஷ்ணகிரி, ஜகதேவி போன்ற சில பெயர்கள் மட்டும் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும்.

இந்த நிலத்தின் மதிப்பு அதன் விளைச்சலில் இருந்ததைவிட அதன் வழிகளில் இருந்தது. ஒசூர் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3000 அடி மேலே இருக்கிறது. கிருஷ்ணகிரி அதற்கு ஆயிரம் அடிக்குமேல் தாழ்ந்தது. இரண்டுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்தான். பீடபூமியிலிருந்து கருநாடகச் சமவெளிக்கு இறங்கும் எந்தப் படையும், அங்கிருந்து மேலே ஏறும் எந்தப் படையும், இராயக்கோட்டைக் கணவாய் போன்ற சில வழிகளில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். ஐதர் அலி பிறந்ததாகச் சொல்லப்படும் பூதிக்கோட்டை இன்றைய மாநில எல்லைக்கு அப்பால், கோலார் பக்கத்தில் இருக்கிறது. அவருக்கு இந்தக் கணவாய்கள் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. இன்று அதே ஏற்றத்தில் லாரிகள் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு போகின்றன. சிப்காட்டுக்கு இரும்பும், அங்கிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வண்டிகளும் போகும் வழி அன்று பீரங்கியும் அரிசி மூட்டையும் போன வழிதான். நிலத்தின் சரிவு தொழிற்சாலைகளையும் படைகளையும் ஒரே தடத்தில் நடத்துகிறது.

கோட்டை விஜயநகர காலத்தது என்பது பொதுக்கருத்து. கிருஷ்ணதேவராயர் பெயரால் ஊர்ப்பெயர் அமைந்தது என்பாரும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் பெனுகொண்டாவைக் கோல்கொண்டாப் படையிடமிருந்து காத்ததற்குப் பரிசாக ஜகதேவராயர் இந்த நாட்டைப் பெற்றார். பின்னர் பீஜாப்பூர், மராட்டியர், மைசூர் உடையார், கடப்பை நவாபு என்று கை மாறி, 1760-ஐ ஒட்டி ஐதரிடம் வந்தது. இந்தக் கைமாற்றங்களை விரிப்பது இங்கே தேவையில்லை. ஒவ்வொருவரும் சுவரை ஒரு முழம் உயர்த்தினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நின்று பார்க்க வேண்டியது பாறையை. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குன்றுகள் பழமையான நைஸ், கருங்கல் வகைகளால் ஆனவை. வெயிலும் மழையும் பட்டு வெங்காயத் தோல் போல் அடுக்கடுக்காக உரிபவை. அப்படி உரிந்த பாறையின் பரப்பு வழுவழுப்பான வளைவாக நிற்கும். அதில் பிடிக்க விளிம்பு இல்லை, ஒளிய மண் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய முற்றுகைக் கலை முழுவதும் மண்ணை நம்பியது. வளைந்து வளைந்து பதுங்குகுழி வெட்டிக் கோட்டையை நெருங்குவது, சுரங்கம் தோண்டி மதிலின் அடியில் வெடிமருந்து வைப்பது, மண்மேடு எழுப்பிப் பீரங்கியை ஏற்றுவது என்று எல்லாவற்றுக்கும் மண்வெட்டி இறங்க வேண்டும். இங்கே மண்வெட்டி இறங்காது. கீழிருந்து சுட்டால் குண்டு மதிலின் காலைத் தொடுவதே அரிது. மேலே இருப்பவனுக்கோ மழைநீர் தேங்கும் சுனைகள் உண்டு, தானியக் கிடங்கு உண்டு, தீராத ஆயுதமாகக் கல் உண்டு. அந்தக் கல்லுக்கு வெடிமருந்தும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். நெம்பித் தள்ளினால் மீதி வேலையைச் சரிவு பார்த்துக்கொள்ளும்.

முதல் முயற்சி 1767 ஜூன் மாதம் நடந்தது. முந்தைய ஆண்டு நவம்பரில் ஐதராபாத் நிஜாமோடு கும்பினி செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவாக, ஜோசப் ஸ்மித் என்ற தளபதி நிஜாமுக்குத் துணையாக ஐதரின் நாட்டுக்குள் அனுப்பப்பட்டிருந்தார். நிஜாம் ஐதரோடு இரகசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது ஸ்மித்துக்கு விரைவிலேயே விளங்கிவிட்டது. சென்னையில் இருந்த ஆட்சிக்குழுவுக்கு அது விளங்க நேரமாயிற்று. இந்தக் குழப்பத்தின் நடுவே கும்பினிப் படை பாராமகாலுக்குள் இறங்கி வாணியம்பாடி, திருப்பத்தூர், காவேரிப்பட்டினம் ஆகியவற்றைப் பிடித்தது. இவை சமவெளிக் கோட்டைகள். மண்மதில் மிகுந்தவை, பெரிதாக எதிர்க்காதவை. அந்தச் சுலபத்தின் தெம்பில் கிருஷ்ணகிரியையும் ஏறிப் பிடித்துவிடலாம் என்று முயன்றார்கள். பலத்த இழப்போடு விரட்டப்பட்டார்கள். அதன்பின் ஏறும் எண்ணத்தை விட்டு மலையைச் சுற்றி வளைத்து உட்கார்ந்தார்கள்.

மைசூரில் ஆங்கில ரெசிடெண்டாக இருந்தவரும் பின்னர் தென்னிந்திய வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதியவருமான மார்க் வில்க்ஸ், இந்தக் கட்டத்தைச் சலிப்போடு எழுதுகிறார். எதிரி மேலே பீடபூமியில் படை திரட்டிக்கொண்டிருக்கையில் இங்கே சிறு கோட்டைகளில் காலத்தைப் போக்கியது அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் கணிப்பு தவறில்லை. ஆகஸ்டு இறுதியில் ஐதரும் நிஜாமும் சேர்ந்தே கணவாய் இறங்கினார்கள். மலையைச் சுற்றியிருந்த வளையம் கலைந்தது. காவேரிப்பட்டினம் மீண்டும் ஐதரிடம் போயிற்று. கும்பினிப் படை திருவண்ணாமலையை நோக்கிப் பின்வாங்கியது. செப்டம்பர் 3-இல் செங்கத்திலும் அதே மாதம் 26-இல் திருவண்ணாமலையிலும் நடந்த சண்டைகளில் ஸ்மித் வென்றதால் அந்த ஆண்டு கும்பினிக்கு மானம் தப்பிற்று. 1768 தொடக்கத்தில் நிஜாம் ஐதரைக் கைவிட்டுத் தனியாகச் சமாதானம் செய்துகொண்டார். மறுபடி வளையம் போடப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் கிருஷ்ணகிரி பணிந்தது. சண்டையால் பணியவில்லை, வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே போகாததால் பணிந்தது.

அப்படி வாங்கிய மலையை ஓராண்டுகூட நிம்மதியாக வைத்திருக்க முடியவில்லை. ஜூலையில் ஒசூரைப் பிடித்தார்கள். நவம்பரில் ஒசூரைக் காக்க வந்த கர்னல் உட், தம் பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் பாகலூரில் விட்டுவிட்டு வர, ஐதர் அவற்றை அள்ளிக்கொண்டு பெங்களூருக்குப் போனார். 1769 மார்ச்சில் ஐதரின் குதிரைப்படை சென்னையின் வாசலில், பரங்கிமலைப் பக்கம் நின்றது. ஏப்ரலில் உடன்படிக்கை. இரு தரப்பும் பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. கிருஷ்ணகிரி ஐதரிடம் திரும்பியது.

இரண்டாம் முயற்சி 1791 நவம்பர் 7-ஆம் நாள் இரவு. இதைப் பற்றிச் சான்றுகள் தெளிவாக இருக்கின்றன. காரன்வாலிஸின் படையில் பணியாற்றிய அலெக்சாண்டர் டிரோம் 1793-இல் வெளியிட்ட போர் நூலும், வில்க்ஸும், பின்னர் வந்த சேலம் மாவட்ட விவர நூல்களும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

பின்னணி இது. 1791 மார்ச் 21-இல் காரன்வாலிஸ் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனார். மழையும் பசியும் மாட்டு நோயும் சேர்ந்து கொல்ல, பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப்போட்டுவிட்டுத் திரும்பினார். அந்தத் தோல்வியின் பாடம் உணவு. ஒரு படைக்கு அரிசியும் ராகியும் கொண்டுவருபவர்கள் லம்பாடி வணிகர்கள், ஆயிரக்கணக்கான பொதிமாடுகளோடு. அந்த மாடுகள் சமவெளியிலிருந்து ஏறிவரக் கணவாய் திறந்திருக்க வேண்டும். ஆகவே ஜூலையில் காரன்வாலிஸ் ஒசூர்ப் பக்கம் திரும்பினார். ஒசூர்க் கோட்டையை மைசூர்ப் படை விட்டுப்போயிற்று. இராயக்கோட்டையில் கீழ்க்கோட்டை தாக்கிப் பிடிக்கப்பட்டது. பாறைமேல் இருந்த மேல்கோட்டையைக் கில்லேதார் பேச்சுவார்த்தையில் ஒப்படைத்தார். அதைப் பார்த்தவர்கள், கில்லேதாருக்கு மனமிருந்தால் ஒருபோதும் அதைப் பிடித்திருக்க முடியாது என்று எழுதினார்கள். சுற்றுவட்டாரத்துச் சிறு கோட்டைகள் பல இதே போல் வரிசையாக விழுந்தன. கிருஷ்ணகிரி மட்டும் நின்றது. காரன்வாலிஸ் அதைத் தொடாமல் விட்டு வடக்கே நந்தி மலைக்குப் படையனுப்பினார்.

விட்டுவைத்த கோட்டை பின்னால் முள்ளாயிற்று. இலையுதிர்காலத்தில் திப்புவின் குதிரைப்படை ஒன்று பாராமகாலுக்குள் புகுந்தது. அதை விரட்ட லெப்டினண்ட் கர்னல் மாக்ஸ்வெல் அனுப்பப்பட்டார். அவருக்கு இந்த ஊர் புதிதன்று. முந்தைய ஆண்டு நவம்பரிலேயே வங்காளத்திலிருந்து வந்த படையோடு காவேரிப்பட்டினத்தில் பாளையமிறங்கியவர். அங்கிருந்து பார்த்தால் கிருஷ்ணகிரி மலை கண்ணுக்கெட்டும் தூரம். மாக்ஸ்வெல்லிடம் இருந்தவை 74-ஆம் ஸ்காட்லாந்து ரெஜிமெண்டின் ஒரு பிரிவும் சிப்பாய்ப் படைகளும். அக்டோபர் 31-இல் பென்னாகரத்தை ஏணி சாத்திப் பிடித்தார். ஒரு வாரம் கழித்துக் கிருஷ்ணகிரிக்கு வந்தார்.

இலக்கு அடிவாரத்துப் பேட்டையும் கீழ்க்கோட்டையும். குதிரைப்படைக்கு நிழலும் தீனியும் தரும் இடம் அது, அதை அழித்துவிட்டால் போதும். ஆனால் கீழ்க்கோட்டை எதிர்பார்த்ததைவிட எளிதாக விழுந்தது. ஏணி வைத்து ஏறியவர்கள் உள்ளே குதித்ததும் காவல் படையினர் மேல்கோட்டையை நோக்கி ஓடினார்கள். துரத்தியவர்கள் அவர்கள் முதுகைத் தொடும் தூரத்தில் ஓடினார்கள். ஓடுபவர்களோடு கலந்து வாசலுக்குள் நுழைந்துவிட்டால் மலை வசமாகிவிடும். மேல்வாசலின் படிக்கட்டிலேயே காவல் படையின் கொடி ஒன்று பிடுங்கப்பட்டதாக டிரோம் எழுதுகிறார். அவ்வளவு நெருக்கம். கதவு மூடிக்கொண்டது.

ஏணிகள் பின்தங்கிவிட்டன. கையில் கத்தியோடு ஓடுபவன் வேறு, நான்கு பேர் தூக்கும் ஏணியோடு செங்குத்துப் பாறையில் ஏறுபவன் வேறு. ஏணிகள் வந்து சேர்வதற்குள் உள்ளே இருந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மதில்மேல் நின்றுவிட்டார்கள். பிறகு இரண்டு மணி நேரம் கற்கள் உருண்டன. ஏணிகளும் அவற்றின்மேல் இருந்த ஆட்களும் ஒன்றாக நசுங்கினர். முன்னால் நின்று ஏறிய அதிகாரிகள் முதலில் விழுந்தார்கள். இருட்டில் வேறு இடத்தில் ஏணி சாத்தலாம் என்றால் இருட்டும் இல்லை. அந்த இரவு தெளிந்த நிலவொளி இருந்ததாகவும் ஏணி எங்கே நகர்ந்தாலும் மேலிருந்து தெரிந்ததாகவும் குறிப்பு இருக்கிறது. பின்னோக்கிக் கணக்கிட்டால் பொருந்துகிறது. 1791 நவம்பர் 7 வளர்பிறையின் பதினோராம், பன்னிரண்டாம் நாளை ஒட்டியது. பௌர்ணமிக்கு மூன்று நான்கு நாளே இருந்தது. நள்ளிரவுக்கு நெடுநேரம் பின்னும் நிலா மேற்கே நின்றிருக்கும். இரவுத் தாக்குதலுக்கு நாள் குறித்தவர்கள் பஞ்சாங்கம் பார்க்கவில்லையா, அல்லது சமவெளியில் நடந்து வர நிலா உதவும் என்று பார்த்துத்தான் குறித்தார்களா என்பது சுவையான கேள்வி. பேட்டையைக் கொளுத்த மட்டும்தான் வந்தார்கள் என்றால் நிலா அவர்களுக்கு நண்பனே. மலையேறும் ஆசை படிக்கட்டில் கொடி கையில் வந்தபோது தோன்றியதுதான் என்று நாம் கருதுகிறோம்.

மாக்ஸ்வெல் படையைப் பின்வாங்கச் சொன்னார். போகும்போது பேட்டை கொளுத்தப்பட்டது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஆங்கில நூல்கள் இந்த இரவைத் தோற்றவர்களின் வீரமாகவே எழுதுகின்றன. ஏணியில் முதலில் காலை வைத்த லெப்டினண்ட் யார், காயம்பட்ட காப்டன் யார் என்று ரெஜிமெண்ட் வரலாறுகளில் பெயர் இருக்கும். தோற்ற இரவுக்கும் பெயர்ப்பட்டியல் வைத்துக்கொள்ளும் அந்தப் பழக்கத்தை நாம் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பழக்கம் இல்லையென்றால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் கல்லை நெம்பியவர்கள் பெயரில்லாமல் நிற்கிறார்கள். கும்பினியின் பக்கத்தில் ஏணி தூக்கிய சிப்பாய்களும் அப்படித்தான். சென்னைச் சிப்பாய்ப் படைகளில் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் நிறைந்திருந்தனர். மதிலுக்கு மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் ஒருவரையொருவர் வைத வசவு பரஸ்பரம் புரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இது நடுகல் நாடு. மாடு பிடிக்க வந்தவர்களோடு பொருதி இறந்த எளிய ஆட்களுக்கெல்லாம் கல் நட்டு, ஊரும் பெயரும் அரசன் ஆண்டும் வெட்டி வைத்த நிலம். செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து நடுகற்கள் தமிழ் எழுத்து வரலாற்றுக்கே ஆதாரமாக இருப்பவை. புலியோடு போராடி இறந்தவனின் பெயரையும் மறக்காத ஊர்கள், பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வரும்போது அந்த வழக்கத்தைத் தளர்த்திவிட்டன. கூலிப்படைகளின் காலம் அது. காவல் படையில் இருப்பவன் வேறு ஊர்க்காரன், அவனுக்குக் கல் நட அவன் ஊருக்குச் செய்தி போகாது. மலை உச்சியில் தர்கா இருக்கிறது. மலைக்கு இப்போது வழங்கும் பெயரும் அதையொட்டியதே. மலைமேல் ஆட்கள் தொடர்ந்து ஏறுவதற்கு இன்றும் அதுவே முதற்காரணம். கோட்டைக்காக ஏறுபவர்கள் எங்களைப் போல் சிலர்தான்.

நாங்கள் ஏறியது ஒரு மார்கழிக் காலையில். வேகமாக நடந்தால் ஒரு மணி நேர ஏற்றம். பாறையில் வெட்டிய படிகள் தேய்ந்து நடுவில் குழிந்திருக்கின்றன. சில இடங்களில் படி மறைந்து வெறும் சரிவு வரும், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வது நல்லது. வழியில் அங்கங்கே பெரிய உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. எது தானே உரிந்து விழுந்தது, எது நெம்பப்பட்டது என்று எவராலும் சொல்ல முடியாது. மேலிருந்து பார்த்தால் தெற்கே மாந்தோப்புகளும் காவேரிப்பட்டினத்துப் பக்கமும், தென்பெண்ணையை மறித்துக் கட்டிய கிருஷ்ணகிரி அணையின் நீர்ப்பரப்பும் தெரிகின்றன. நெடுஞ்சாலைகள் ஊரில் வந்து கூடுவதும் தெரிகிறது. ஒரு கில்லேதார் கண்ணோடு பார்த்தால், கணவாயிலிருந்து இறங்கும் எதுவும் இந்த இடத்திலிருந்து அரை நாள் முன்னதாகத் தெரிந்துவிடும்.

ஏன் மற்ற மலைகள் விழுந்தன, இது விழவில்லை? காவல் படையின் மனவுறுதி ஒரு காரணம்தான், முழுக்காரணம் அன்று. இதைவிட மிக உயரமான நந்தி மலைக்கோட்டை இதற்கு மூன்று வாரம் முன்பு, அக்டோபர் 19-இல் விழுந்திருந்தது. அங்கே பல நாட்கள் வழி வெட்டி, யானைகளின் துணையோடு கனத்த பீரங்கிகளை மலைச்சரிவில் ஏற்றி, மதிலை உடைத்த பிறகே ஆட்கள் ஏறினார்கள். அணுகவே முடியாது என்று கருதப்பட்ட சாவனதுர்க்கத்தை டிசம்பர் 21-இல் அதே முறையில் பிடித்தார்கள். உடைத்த பிறகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. கிருஷ்ணகிரிக்கு அந்த உழைப்பு செலவிடப்படவில்லை. 1767-இல் பொறுமை இல்லை, 1791-இல் கனத்த பீரங்கியும் நேரமும் இல்லை. மாதக்கணக்கில் பீரங்கி இழுத்திருந்தால் இதுவும் விழுந்திருக்கும் என்பதை மறைத்து, வெல்லவே முடியாத கோட்டை என்று சுற்றுலாப் பலகையில் எழுதுவதில் நமக்கு உடன்பாடு இல்லை. ஏணியால் வெல்ல முடியாத கோட்டை என்பது போதுமான பெருமை.

மாக்ஸ்வெல்லின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. மூன்று மாதம் கழித்து, 1792 பிப்ரவரி 6-ஆம் நாள் இரவு, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே திப்புவின் பாளையத்தின்மேல் மூன்று பிரிவுகளாகத் தாக்குதல் நடந்தபோது இடப்பிரிவை நடத்தியவர் அவர்தான். அவருக்குக் குறிக்கப்பட்ட முதல் வேலை கரிகட்டா மலையின் மேல் ஏறுவது. அன்றும் பௌர்ணமியை ஒட்டிய நிலா. ஏறிவிட்டார்.

அடுத்த மாதம் உடன்படிக்கை. திப்பு தம் நாட்டில் பாதியையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்பினார், இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். கும்பினியின் பங்காக வந்த நிலங்களில் பாராமகாலும் ஒன்று. நான்கு மாதம் முன்பு ஏணிகளை நொறுக்கிய வாசல் மேலிடத்து உத்தரவால் திறந்துவிடப்பட்டது. சாவியை ஒப்படைத்த கில்லேதாரின் முகத்தை ஒரு நாடகாசிரியர்தான் எழுத வேண்டும்.

அதன்பிறகு நடந்ததைத் தமிழ்நாட்டின் கிராமங்கள் எல்லாம் அனுபவித்தன. அலெக்சாண்டர் ரீட் என்ற காப்டன் கலெக்டராக வந்தார். மக்லௌட், கிரஹாம், தாமஸ் மன்றோ ஆகிய படை அதிகாரிகள் அவருக்கு உதவி. ஏழு ஆண்டுகள் வயல் வயலாக அளந்து, உழுபவன் ஒவ்வொருவனிடமும் நேராக வரி பேசும் முறையை இங்கேதான் சோதித்தார்கள். மன்றோ பின்னர் அதைப் பெல்லாரி, கடப்பைப் பக்கம் எடுத்துப்போய், சென்னை கவர்னரானபின் மாகாணம் முழுவதற்கும் விரித்தார். ரயத்துவாரி என்று நாம் பள்ளிப் புத்தகத்தில் படித்தது இதுதான். கல்லை உருட்டி ஓர் இரவு தடுக்க முடிந்த ஒன்றை, அளவுச் சங்கிலி வந்தபோது தடுக்க வழி இல்லை.

அதே 1792-இல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள், சித்தப்பனும் மகனுமாக இந்த வழியில் வந்தார்கள். ஒசூர், இராயக்கோட்டை, ஜகதேவி ஆகியவற்றை வரைந்தார்கள். அவை லண்டனில் அச்சாயின. அந்தப் படங்களில் மலைகள் அமைதியாக, பெருமூச்சு விடுவது போல் நிற்கின்றன. ஓராண்டு முன்பு வரை அவற்றை நோக்கி அண்ணாந்த கண்கள் ஏணியின் நீளத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தன. மலை அழகாகத் தெரிவதற்கு அது வசப்பட வேண்டியிருக்கிறது போலும்.

இன்று கிருஷ்ணகிரிக் கோட்டையும் இராயக்கோட்டையும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. பாராமகாலின் மற்றக் குன்றுகள் எல்லாவற்றுக்கும் அந்தக் காவல் இல்லை. இந்த மாவட்டத்துக் கருங்கல்லுக்கும் பல வண்ணக் கல்லுக்கும் வெளிநாடுகளில் நல்ல கிராக்கி. வெட்டப்பட்டு, மெருகேறி, கொள்கலனில் அடுக்கப்பட்டுத் துறைமுகத்துக்குப் போகின்றன. கம்பி அறுவைக்கும் துளைக்கருவிக்கும் வழுக்குப்பாறை ஒரு பொருட்டன்று. பிழைப்புக்காகக் கல் உடைப்பவரை நோக்கி விரல் நீட்டுவது எங்கள் நோக்கமும் அன்று. ஆனால் ஒரு குன்றை வெட்டுவதற்கு உரிமம் தருவதற்கு முன், அதன் தலையில் மதிலோ சுனையோ அடியில் நடுகல்லோ இருக்கிறதா என்று ஒருவர் ஏறிப் பார்த்து எழுதி வைக்க ஒரு காலைப்பொழுது போதும். அந்த ஒரு காலைப்பொழுதை உரிமத்தின் நிபந்தனையாக ஆக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறோம்.

எரிந்த பேட்டை மறுபடி எழுந்தது. புதிய குடியிருப்புக்குத் தௌலதாபாத் என்று பெயர் வந்தது. பழைய பகுதி பழையபேட்டை என்ற பெயரிலேயே இன்றும் இருக்கிறது. அதன் தெருக்களில் எங்கு நின்று தலையைத் தூக்கினாலும் மலைதான் தெரியும்.